கழுத்து தைத்தவள்

சட்டைக் கம்பெனியில் கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், தலை நரைக்கும்வரை காலர் மட்டுமே தைத்தாள். கையும் பையும் மற்றவர்கள் பாடு. அதனால் சொந்தப் பெயர் மறைந்தே போய், எல்லோருக்கும் காலர் அக்கா ஆனாள். புருஷன் கண்ணை மூடிய அதே வருஷம் கம்பெனியும் கதவை மூடியது.

அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனது நாத்தனார். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்ததைச் சில மாதம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் காலையில் போர்வையை உருவினாள்.

"எழுந்திரு அண்ணி. எங்க ஆபீஸ்ல பழங்காலத்து நகையெல்லாம் காட்சிக்கு வைக்கப்போறாங்க. மாட்டிவைக்கத் துணியில கழுத்து தைக்கணுமாம்."

"நான் தைச்சது சட்டைக் கழுத்து."

"கழுத்து கழுத்துதானே? கிளம்பு."

கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத அறை. நீள மேசை, வெள்ளை விளக்கு, கஞ்சி போக அலசிக் காயவைத்த பருத்தித் துணி. நகைகளுக்குப் பொறுப்பான அம்மா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினார். மெசொப்பொத்தேமியாவில் ஒரு சீமாட்டி தலையில் சூடிய தங்க இலைகள், ஊதினால் பறந்துவிடும்போல் இருந்தன. பக்கத்தில், ஓட்டை போட்ட சிப்பிகள்.

"இதுதான் எல்லாத்துக்கும் மூத்தது. மண்பானை செய்யத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே மனுஷங்க சிப்பியைக் கோத்துப் போட்டுக்கிட்டாங்க."

"அம்மாடி! சட்டிக்கு முன்னாடியே மாலையா?" என்று வாயைப் பிளந்தாள் காலர் அக்கா.

முதல் சோதனை எகிப்திலிருந்து வந்தது. வரிசை வரிசையாக நீல மணி கோத்த அகலமான கழுத்தணி. எப்படித் தைத்து மாட்டினாலும் முன்பக்கமாகச் சரிந்தது. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். கடைசியில் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு இது வராதும்மா. விட்டுடுங்க."

அந்த அம்மா தலையிலடித்துக்கொண்டார். "ஐயோ, தப்பு என் மேல. இதோட ஜோடித் துண்டை உங்ககிட்ட கொடுக்கவே இல்லையே! முன்னால பாரம் இழுக்காம இருக்க, இதை முதுகுப் பக்கம் தொங்கவிடுவாங்க."

துண்டைக் கட்டியதும் கழுத்தணி அசையாமல் உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சிப்பி மாலைக்கு அவள் தைத்த கழுத்தோ பெரிதாகிவிட்டது.

"சின்னதா வேணும். இது ஒரு குழந்தையைப் புதைச்ச குழியில கிடைச்சது."

காலர் அக்கா குனிந்து அந்தச் சிப்பிகளைப் பார்த்தாள். வெறுங்கழுத்தோடு அனுப்ப மனசு வராமல் யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள். புருஷன் போன நாளில்கூட வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்துவிட்டு, மெத்தென்று பஞ்சு வைத்துச் சின்னக் கழுத்தொன்று தைத்தாள். உள்ளே இருக்கிற முடிச்சுகூட உறுத்தக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத் தைத்தாள். அன்று வீட்டில் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நாத்தனார் ஒன்றும் கேட்காமல் பரிமாறினாள். அவள் வாய்க்கு அது லேசான காரியமில்லை.

திறப்பு நாளில் கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றி ஒரே கூட்டம்.

"ஒருத்தராவது உன் தையலைப் பாத்தாங்களா? எல்லாரும் நகையையே பாக்கறாங்க!" என்று பொருமினாள் நாத்தனார்.

"தையல் கண்ணுல பட்டா நான் சரியாத் தைக்கலைன்னு அர்த்தம்."

அந்த வாரமே பொறுப்பாளர் அம்மா அவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தார். செய்தி வந்த மாலை, பஸ் நிறுத்தத்தில் காலர் அக்கா நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ."

"என்ன ஆகியிருப்பே? இந்நேரம் வீட்டுல நிம்மதியா தூங்கியிருப்பே. எனக்குத்தான் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்திருக்காது."

காலர் அக்கா சிரித்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்தவள், பஸ் வரும்வரை விடவேயில்லை.