கோவிந்தன் வைத்த முட்டுக்கால்

நீங்கள் சிரித்தாலும் சரி, பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எதற்கும் எனக்குத் தேதி வேண்டும், சாட்சி வேண்டும். ஆகவே ஆண்டிலிருந்தே தொடங்குகிறேன்: 1943. அப்போது எங்களை ஆண்ட ஜப்பான்காரன் நாள்காட்டியில் அது 2603, கடிகாரம்கூட டோக்கியோ நேரம்தான் காட்டியது.

பிரிக்பீல்ட்ஸில் பலகைச் சுவர் வைத்த ஓட்டு வீடுகளின் வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது தச்சர் கோவிந்தனுடையது. அவர் வீட்டு உத்திரத்தின் ஒரு நுனியைக் கரையான் தின்று கூரையே இறங்கிவிட்டது. கெட்டுப்போனதை அறுத்தெடுத்து, சரிவாகச் செதுக்கிய புதுத் துண்டைப் பொருத்தி, போர்க்காலத்தில் போல்ட்டுக்கு எங்கே போவது, மர முளைகளையே அடித்து இறுக்கினார். பாரம் தாங்க ஒரு முட்டுக்கால் நிறுத்தி அதன் அடியில் இரண்டு ஆப்பு அடித்தார். ஒட்டு இறுகட்டும், நானே வந்து எடுக்கிறேன் என்று மனைவி சாரதாவிடம் சொல்லிவிட்டுப் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவரை ஜப்பான்காரர்கள் லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாதங்கள் போயின, ஒரு செய்தியும் இல்லை. சாரதா முட்டுக்காலுக்குப் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுப்பாள். கோவிந்தனின் கூட்டாளி மணியம், அவரும் தச்சர்தான், அடிக்கடி வந்து பார்ப்பார்.

"தங்கச்சி, முட்டு நின்னுக்கிட்டே இருந்தா ஒட்டு பாரம் வாங்காது. மழைக்கு முந்தி எடுத்துடணும்லா."

"அவரு வெச்சது. அவரே வந்து எடுப்பாருண்ணே."

ஒருவர் வைத்த முட்டில், அவர் உயிரோடிருக்கும்போது இன்னொருவர் கை வைப்பது அவர்கள் தொழிலில் வழக்கமில்லை. எடுக்கச் சொன்னால் புருஷன் இல்லை என்று அவளே சொன்ன மாதிரி. அது மணியத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாள் மணியம் பொறுமையிழந்து, "மழையில முட்டு நழுவி ஓடு உன் தலையில விழுந்தா, அவரு வந்து யாரைத்தான் பாப்பாரு?" என்று கேட்டுவிட்டார்.

"நாளைக்கு வாங்கண்ணே," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பின்கதவைத் தாழிட்டு, முன்கதவைப் பூட்டிக்கொண்டு அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனாள். காலில் புண் என்பதால் நான் எங்கும் போகாமல் இரண்டு வீட்டுக்கும் பொதுவான படியிலேயே உட்கார்ந்திருந்தேன், தூங்கவில்லை, நம்புங்கள். யாரும் வரவில்லை, ஒரு சத்தமும் இல்லை. நடுப்பகலில் அவளும் மணியமும் சேர்ந்து வந்தார்கள். கதவைத் திறந்தாள்.

முட்டுக்கால் சுவரோரம் படுத்திருந்தது. அதன்மேல் இரண்டு ஆப்பும் பக்கத்தில் பக்கத்தில். பின்கதவின் தாழ் போட்டபடி இருந்தது.

"அண்ணே, நீங்களா?" என்று என்னைக் கேட்டார் மணியம்.

"நான் ஒரு ஆணி அடிச்சாலே கையில அடிச்சுக்கிற ஆளுய்யா."

அவர் முக்காலியில் ஏறி ஒட்டைத் தடவிப் பார்த்தார். "பாரம் வாங்கிடுச்சு," என்றார்.

சாரதா கையிலிருந்த அரிசிப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்தவரு ஒரு வாய்த் தண்ணி குடிக்காம போயிட்டாரேண்ணே."

போர் முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கோவிந்தனைக் கண்டதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிறகு பந்திங்கில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது ஓர் ஆப்பை என்னிடம் கொடுத்தாள்.

இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. அதன் தடித்த முனையில் உள்ள தழும்புகள் அடித்து ஏற்றியபோது விழுந்தவை. மெல்லிய முனையில் ஒரே ஒரு தழும்பு, அடித்துக் கழற்றினால் மட்டுமே விழக்கூடியது, மரம் நசுங்கும் அளவுக்கு ஆழம். அப்படி ஓர் அடி விழுந்திருந்தால் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை.