சோடியில் ஒன்று என் கையில்

மொன்ட்ரியாலில் ஒரு பழம்பொருள் கடையில் நிற்கிறேன். பிரபுக்களின் விருந்து மேசைக்காகச் செய்த ரொக்கோக்கோ பாணி வெள்ளி மெழுகுதிரித் தாங்கிகள் இரண்டு. உடம்பெல்லாம் கொடியும் சிப்பியும். ஒன்று என் கையில், மற்றது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணியின் கையில்.

"அண்ணை, அதை விடுங்கோ. நாளைக்கு மகளின்ர கலியாணம். நிறைகுடத்துக்கு ரெண்டு பக்கமும் வேணும். மண்டபத்தில குத்துவிளக்கு கொளுத்த விடமாட்டினமாம், மெழுகுதிரி எண்டா ஓமாம்."

பதினெட்டாம் நூற்றாண்டுக் கலை பற்றி நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றுகிறேன். பொறுமையாகக் கேட்கிறார்.

"உங்கட மேசையில எத்தினை பேர் இருந்து சாப்பிடுவினம்?"

"நான் ஒருத்தன்தான். அதுவும் டி.வி. முன்னால்."

என் கையிலிருந்ததை மெல்லக் கழற்றிக்கொள்கிறார். "இதில சந்தனப் பொட்டு எங்க வைக்கிறது?"

சிப்பியின் நடுவைக் காட்டுகிறேன். படித்த கலை வரலாறு முதன்முறையாக ஒருவருக்கு உதவுகிறது.