வா என்று சொல்லாத வீடு

மரக்காணத்தில் பனி கொட்டும் என்று என்னை நம்ப வைத்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். சித்திரை மாதத்தில் செருப்பில்லாமல் ரோட்டில் கால் வைக்க முடியாத ஊரில் பனியாம்! எட்டு வயதில் நான் அதை நம்பினேன் என்றால் தப்பு என்மேல் மட்டும் இல்லை. பிறந்து வளர்ந்தது கனடாவில். பனியைத் தவிர வேறு எதுவும் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. வீடியோ காலில் மாமா போனைத் திருப்பித் தனக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் வெள்ளை மலையைக் காட்டுவார். "பாத்தியா? உங்க ஊர்ல மட்டும்தான் பனி பெய்யுதா? இங்கயும்தான் பெய்யுது. வா, வந்து சறுக்கி விளையாடு" என்பார். அம்மா எனக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாள். அண்ணனும் தங்கையும் கூட்டுக் களவாணிகள்.

அம்மாவுக்கு அப்பா, அம்மா எல்லாமே அந்த அண்ணன்தான். பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட, மாமா படிப்பை நிறுத்திவிட்டு உப்பளத்தில் இறங்கினார். உப்பு வாரியும், தலையில் சுமந்தும் தங்கையை நர்ஸ் படிப்பு படிக்கவைத்து, கல்யாணமும் செய்து விமானம் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டவருக்கு அதன் பிறகு ஒரே கேள்விதான். ஊர்க்கதை, மழை வந்து பாத்தி கரைந்த கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கும் முன்னால், "எப்ப வர்றே பாப்பா?" என்பார். "அடுத்த வருஷம்ணா" என்பாள் அம்மா. லீவு கிடைக்காது, டிக்கெட் விலை ஏறியிருக்கும், எனக்குப் பரீட்சை இருக்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனதுதான், அப்புறம் போகவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம், பாதி வகுப்பில் அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். மாமாவுக்கு நெஞ்சுவலி, பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் அம்மா பெட்டியில் துணியை அடைத்துக்கொண்டிருந்தாள். தன் அண்ணனுக்கென்று பிரஷர் பார்க்கும் மிஷின் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அதைப் பெட்டிக்குள் வைக்க மனமில்லாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். "போய் இறங்கினதும் அவருக்கு நானே பாக்கறேன். உப்பைக் குறைன்னா உப்பளக்காரன் கேப்பானா?" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டாள். நான் என் சிவப்புக் கம்பளிக் கையுறைகளைத் தேடி எடுத்துக்கொண்டேன். பனியில் விளையாட வெறுங்கையோடா போவது?

விமானத்தில் அம்மா நடுவில் உட்கார்ந்து அந்த மிஷினை மடியில் வைத்திருந்தாள். கண்ணை மூடுவாள், திறந்து மணி பார்ப்பாள். அப்பா எதுவும் சாப்பிடவில்லை. தன் தட்டிலிருந்த கேக்கைக் கேட்காமலே எனக்குத் தந்தார். இனிப்பு சாப்பிட்டால் பல் சொத்தையாகும் என்று வீட்டில் சட்டம் பேசுகிறவர் அவர்தான். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன், அதையும் வாங்கித் தந்தார். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவது இவ்வளவு நல்ல விஷயமா என்று நினைத்துக்கொண்டேன். வழியில் ஒரு விமான நிலையத்தில் மாறி ஏற வேண்டியிருந்தது. அங்கே அப்பா போனை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. "என்னவாம்?" என்றாள் அம்மா. "அப்படியேதான் இருக்காராம்" என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அவர் சொன்னதில் பொய்யே இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. எங்கள் தெருவில் ஒரு வருஷத்தில் கேட்கும் ஹாரன் சத்தத்தை அங்கே ஒரு நிமிஷத்தில் கேட்டேன். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து அழைத்துப் போவார்கள் என்று அம்மா எப்போதும் பெருமையாகச் சொல்வாள். வந்திருந்தது சித்தப்பா மட்டும். அப்பாவின் தம்பி, பெருமுக்கலில் இருப்பவர். என்னைத் தூக்கிக்கொண்டார், ஆனால் சிரிக்கவில்லை.

அம்மா முதலில் கேட்டது, "ஆஸ்பத்திரிக்கு நேரா போயிடலாமா?"

சித்தப்பா பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டே, "வேணாம் அண்ணி. வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க" என்றார்.

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா? இவ்ளோ சீக்கிரமாவா?"

சித்தப்பா டிக்கியை மூடினார். அம்மா மறுபடி கேட்கவில்லை. நர்ஸ் வேலையில் எத்தனை பேரிடம் இதே மாதிரி சுற்றி வளைத்துப் பேசியிருப்பாள்! அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். தெரிந்துகொள்ள அவள் மனசு இடம் தரவில்லை, பாவம். காரில் ஏறியதும் பிரஷர் மிஷினை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் போய்க்கொண்டே இருந்தது. சித்தப்பா அவ்வப்போது யாருக்கோ போன் செய்து, எந்த ஊர் தாண்டிவிட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார். கடைசியாக ஒரு முறை, "நிறுத்திடச் சொல்லுப்பா" என்றார். எதை நிறுத்தச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. மேளம், அழுகை, வாசலில் போட்ட பாட்டு எல்லாவற்றையும்தான். அது எனக்கு அன்று தெரியாது.

மரக்காணம் நெருங்கியதும் நான் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கமும் வெள்ளை. குவியல் குவியலாக, சிலவற்றின் மேல் ஓலை மூடி. "பனி!" என்று கத்திக் கையுறைகளை மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு அம்மா தலையில் கூடையோடு, வெறுங்காலோடு நடந்து போனதைப் பார்த்தேன். வெயிலில் அவள் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. பனியில் யாருக்காவது வியர்க்குமா?

"அது உப்பு கண்ணு" என்றார் சித்தப்பா.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் என்னை முட்டாளாக்கியிருக்கிறார்! இறங்கியதும் முதல் வேலையாக மாமாவோடு சண்டை போட வேண்டும், உடம்பு சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். கையுறையைக் கழற்றவே இல்லை. அவர் பார்க்கட்டும் என்றுதான். ஊருக்குள் திரும்பும் முனையில் பேனர் கட்டும் சவுக்குக் கம்புகள் மட்டும் வெறுமையாக நின்றன. அதில் கட்டியிருந்ததைக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் படம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் அதைப் பார்த்தேன். மாமா அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் கூட்டம். வீடியோ காலில் நான் பார்த்த முகங்கள் பல அங்கே இருந்தன. ஸ்கிரீனில் முண்டியடித்துக்கொண்டு, "வா கண்ணு, எப்ப வர்றே, வாங்க வாங்க" என்று கத்துகிறவர்கள்தான். அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து, இரண்டு விமானம் மாறி வந்திருக்கிறோம், ஒருவர் வா என்று சொல்லவில்லை!

சாவு வீட்டில் வருகிறவர்களை வா என்று கேட்பதில்லை. எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்வை பட்டதும் அந்த முகம் குனிந்துகொண்டது. மாமாவோடு உப்பளத்தில் வேலை செய்த ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அம்மா மெதுவாக, சண்டை போடாத குரலில் கேட்டாள்.

"ஏன் யாரும் என்னை வான்னு கேக்க மாட்டேங்கறீங்க?"

கார்க் கதவை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"யாராவது ஒருத்தர் வான்னு சொல்லுங்களேன். ஒரே ஒருத்தர் சொல்லுங்க."

நானும் விடவில்லை. "நாங்க ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கோம்" என்று கோபமாகச் சொன்னேன். அம்மாவுக்குப் பரிந்து பேசுவதாக எனக்கு நினைப்பு. அதைக் கேட்டுத்தான் உள்ளேயிருந்து முதல் அழுகை வெடித்தது. மாமாவின் மனைவி, என் அத்தை, தலைவிரி கோலமாக ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரஷர் மிஷின் கீழே விழுந்தது. அப்பா அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். தங்கை வரும்வரை எடுக்கக் கூடாது என்று அத்தை பிடிவாதமாக இருந்தாளாம். பெரிய மனிதர்கள் எவ்வளவோ சொல்லியும் அசையவில்லையாம். இறந்துபோதல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பள்ளியில் ஒரு முயல் செத்திருக்கிறது. ஆனால் முயலோடு யாரும் சண்டை போட வருவதில்லை. நான் சண்டை போட வந்தவள், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஏங்க, தங்கச்சி வந்துட்டா பாருங்க. கண்ணத் தொறந்து ஒரு வார்த்தை கேளுங்க" என்று அத்தை பெட்டியைத் தட்டினாள். அம்மா முகத்தைக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. வெளி வெக்கையும் உள் குளிரும் சேர்ந்து கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து, மூடியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. "மொகம் தெரியலையே, எங்க அண்ணன் மொகம் தெரியலையே" என்று அம்மா தவித்தாள். துடைக்கும் துணியை யாரோ தேடினார்கள்.

என் கையில் கையுறை இருந்தது. நான் துடைத்தேன். கம்பளி ஆவியை நன்றாக இழுத்துக்கொண்டது. முதலில் மீசை தெரிந்தது, அப்புறம் நெற்றியில் வைத்திருந்த காசு, மூக்கில் பஞ்சு. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி ஆவி படர்ந்தது, மறுபடி துடைத்தேன். எடுக்கும்வரை அது என் வேலையாகிவிட்டது. குழந்தையை அங்கிருந்து கூட்டிப் போங்கள் என்று யாரோ சொன்னபோது, அத்தை வேண்டாம் என்று கையைக் காட்டினாள். விளிம்பில் உறைந்திருந்ததை ஒருமுறை விரலால் சுரண்டிப் பார்த்தேன். பனியேதான். மாமா சொன்னது முழுப் பொய்யில்லை என்று தோன்றியது. சண்டையை விட்டுவிட்டேன்.

காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தோம். அந்த ஊரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வரவில்லை. வருகிறவர்களை யாரும் வா என்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்தவர், திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டார். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிருப்பார். எங்கள் வீட்டில் அம்மா என்னை அப்படியா வளர்த்தாள்? தமிழ் பேசும் வீடுகளுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, "போறேன்" என்று மட்டும் சொல்லவே கூடாது, "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டிகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது. அம்மா பிரஷர் மிஷினை அலமாரிமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தாள். அப்பாவும் அப்படியே. எனக்குப் பெருத்த அவமானமாக இருந்தது. அம்மாவே இப்படிச் செய்தால்? நான் இறங்கி உள்ளே ஓடினேன். ஐஸ் பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து அத்தை உட்கார்ந்திருந்தாள். அம்மா கற்றுக்கொடுத்தபடி, நேராக நின்று, உரக்கச் சொன்னேன்.

"அத்தே, போயிட்டு வர்றேன்."

"ஐயையோ!" என்று அடுப்படியிலிருந்து ஒரு அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "அப்படிச் சொல்லாத கண்ணு, இங்க சொல்லக் கூடாது!" என்று என் வாயைப் பொத்தினாள். அத்தை எழுந்து வந்து அந்தக் கையை விலக்கினாள். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வா" என்றாள். அப்புறம் வாசலைப் பார்த்து, காரில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "வா கண்ணு. உங்கம்மாவையும் இட்டுகினு வா. எப்ப வர்றே?" என்றாள்.

"அடுத்த வருஷம்" என்றேன். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் வேறு பதில் இல்லை.

வந்த அன்றைக்குச் சொல்ல வேண்டியதைக் கிளம்பும்போது சொல்கிறார்களே என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் காரில் ஏறினேன். அம்மா முன் இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டேன்.

"அழாதம்மா. அதான் அத்தை வான்னு சொல்லிட்டாங்களே" என்றேன்.