எட்டு ரெக்கார்டிலும் இல்லாத ஏழு நிமிடம்

ஜெயன் அண்ணன் கிதாரில் ஒரு பாட்டை மட்டும் எப்போதும் பாதியில் நிறுத்துவார். கேட்டால், “எனக்குக் கெடச்சது அவ்வளவுதான்” என்பார்.

ஆரியசாலையில் மல்லி, மிளகு விற்கும் மொத்தக்கடை ஒன்றில் சரக்கு அனுப்பும் வேலை அவருக்கு. அதே கடையில் நான் பில் போடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பிஏ ஆங்கிலம் முடித்து, அரசுத் தேர்வுகள் எழுதிக்கொண்டே இந்த வேலையில் இருக்கிறேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது. கேரள எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பேச்சில் மலையாளம் கலந்து வரும், இப்போது கரமனையில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவுக்குக் கிதார் வாசிப்பார். ஆராதனை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில்தான் அந்தப் பாதிப் பாட்டு வெளியே வரும்.

பத்தொன்பது வயதில், டின் கதீட்ரல் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கச்சேரி ஒன்றைப் பாளையத்தில் லிஜோ என்பவரின் கடையில் கேசட்டில் பதிந்து வாங்கியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் குரலே இல்லாமல் ஏழு நிமிடம் கிதார் மட்டும் வரும். அது ஏறி ஏறிப் போகும்போது டேப் தீர்ந்துவிடும். எப்படி முடிகிறது என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். முப்பத்தேழு வருடமாக அவருக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

கம்பெனி அந்தக் கச்சேரியைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. முதலில் ஒரு சிடி, பிறகு ‘முழுமையானது’ என்று அச்சடித்த இரட்டை சிடி. இரண்டையும் வாங்கினார். இரண்டிலும் அந்த ஏழு நிமிடம் இல்லை. சென்ற வருடம் ஐம்பதாம் ஆண்டு டீலக்ஸ் பெட்டி வந்தது. மூன்று இரவுக் கச்சேரிகள் எட்டு ரெக்கார்டுகளில், கூடவே தடித்த புத்தகம், போஸ்டர், அந்தக் காலத்து நுழைவுச்சீட்டின் நகல். விலை முப்பத்தெட்டாயிரம். பாட்டு மட்டும் போதும் என்றால் கிடையாது.

“டிக்கெட்டு எனக்கு என்னத்துக்கு மக்களே? அம்பது வருஷம் முன்னால நடந்த கச்சேரிக்கு இனி போக பற்றுமா?” என்று என்னிடம் கேட்டார்.

“அப்போ வாங்காதீங்க அண்ணே.”

“வாங்காம விட்டு, அதுக்குள்ள அது இருந்துதுண்ணா?”

என் கைபேசியில்தான் ஆர்டர் போட்டோம். பெட்டி வந்த அன்று அவருடைய மனைவி ராஜபாய் அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இந்தப் பைசாக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்திருக்கும். தண்ணியாவது தணுத்திருக்கும்.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எட்டு ரெக்கார்டுகளையும் கேட்டோம். அந்த ஏழு நிமிடம் இல்லை.

“அத மட்டும் எடுத்து மாத்தி வச்சிருக்கானுவ. அடுத்த பெட்டில போட்டு விக்கதுக்கு” என்றார் அண்ணன். “நீ பிஏ இங்கிலீஷ் அல்லே, சூடா ஒரு மெயில் எழுது. கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம்.”

எழுதினேன். படித்த ஆங்கிலம் முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற உற்சாகத்தில், ரசிகர்களைக் கறவை மாடாக நடத்துகிறீர்கள் என்றெல்லாம் எழுதினேன். அவருடைய கோபத்தை எழுதினேனா, என்னுடையதையா என்று தெரியவில்லை. கேசட்டிலிருந்து ஒரு துண்டையும் இணைத்தேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. இது அந்த மூன்று இரவுகளில் வாசித்தது அல்ல, எங்கள் குழு வாசித்ததே அல்ல, நன்றி. அதற்குக் கீழே, ஒத்திகைப் பதிவுகள் அடங்கிய அடுத்த பெட்டிக்கு விளம்பரம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன், அதற்கும் தெரியவில்லை. லிஜோவைத் தேடிப் போனேன். கடையில் இப்போது மகன் மொபைல் கவர் விற்கிறார், லிஜோ ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். துண்டைக் கேட்டதும் சிரித்தார்.

“மோளே, கச்சேரி தீர்ந்து டேப் பாக்கி இருந்தா கஸ்டமர் சண்டைக்கு வரும். காசு கொடுத்த டேப் சும்மா ஓடுதுன்னு சொல்லும். அப்போ நாங்க கையில கெடச்சத வால் மாதிரி சேர்த்து விடும். எல்லா கடையிலும் அதானே வழக்கம்.”

“இது யார் வாசிச்சது?”

“எனிக்கு எங்ஙனே அறியாம்? ஏதோ கப்பல்காரன் கொண்டுவந்த டேப். கவர் கூட இல்ல.”

மறுநாள் மதியம், மல்லி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து அண்ணனிடம் இரண்டையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் டப்பாவை மூடினார்.

“அப்போ அவனுவ என்னை ஏமாத்தல.”

“இல்ல அண்ணே.”

“ஏமாத்தியிருந்தா கொள்ளாம், நல்லா இருந்திருக்கும்.”

சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. கம்பெனி குறைந்தபட்சம் அவர் கோபப்படுவதற்காவது இருந்தது. எழுந்து போய் இரண்டு மூட்டைகளைத் தைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“இதே வாலை லிஜோ வேற ஆருக்கெல்லாம் போட்டிருப்பான்? வலியசாலை சுமந்த் என்கூடதானே கேசட் வாங்கினான்?”

சுமந்த் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் தூக்கிப் போடாத மனிதர். சனிக்கிழமை அவர் வீட்டில் அந்தக் கேசட் ஓடியது, கடைசியில் அதே வாலோடு. இவருடையது வெளிநாட்டுக் காலி கேசட்டில் பதிந்தது, டேப் கொஞ்சம் நீளம். ஜெயன் அண்ணனுடையது தீர்கிற இடத்தைத் தாண்டியும் ஓடியது. மேலே ஏறிக்கொண்டிருந்த கிதார் எதிர்பாராமல் கீழே இறங்கி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டியது. யாரோ இருமினார்கள். டேப் தீர்ந்தது. கூடுதலாக நாற்பது வினாடி.

“முப்பத்தெட்டாயிரம் கொடுத்தும் நோக்கு இது கிடைக்கலையாக்கும்” என்றார் சுமந்த் சார். “நான் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன் ஓய்.”

அண்ணன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. “இன்னொருக்கா போடு” என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிதாரை எடுத்தார். வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது, தாண்டினார். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த ராஜபாய் அக்கா நிமிர்ந்து பார்த்தார். கீழே இறங்கி, அந்த ஒரே சுரத்தை நான்கைந்து முறை தட்டி, நிறுத்தினார்.

“தீர்ந்துதா?” என்றார் அக்கா.

“இல்ல. கொஞ்சம் நீண்டிருக்கு.”

அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியை வாங்க உதவியதும் நான்தான், அதில் அது இருக்க வழியே இல்லை என்று கண்டுபிடித்ததும் நான்தான். இதில் எதைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கிதாரை உறையில் போட்டபடி என்னிடம் வந்தார்.

“மக்களே, வெளிநாட்டு கேசட்டுல பதிஞ்சவனுவ வேற ஆரெல்லாம்னு லிஜோகிட்ட ஒண்ணு கேளேன்.”

லிஜோ மகனின் எண் என் கைபேசியில் இருந்தது.