கட்டிலோடு கட்டிய கைகள்

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். நிமோனியாவுக்குச் சேர்ந்திருந்த சதுரங்கப்பட்டினம் மீனவர் ஒருவர், மூன்றாம் நாள் காலை திடீரென்று உளறத் தொடங்கி, ட்ரிப்ஸைப் பிடுங்கி, என்னை அறைந்தார். குடி கிடைக்காத ஆட்டம் என்று முடிவுகட்டி அவர் கைகளைக் கட்டிலோடு கட்டினேன்.

“அவுரு குடிக்கவே மாட்டாரு. நேத்து நல்லா பேசிகினு இருந்தாரு!” என்று கத்திய அவர் மனைவியை வெளியே துரத்தினேன்.

மதியம் டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதும் மீனவர் அலறினார். முந்தின நாளிலிருந்தே சிறுநீர் பிரியவில்லை, நான் கவனிக்கவில்லை. நிமோனியாவோடு அந்த அடைப்பும் சேர்ந்துதான் அவர் புத்தியைக் குழப்பியிருந்தது. சிறுநீர்க் குழாய் போட்டபின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார் டாக்டர்.

“கிட்ட வராத. மாடுன்னு நினைச்சியா?” உள்ளே வந்த அவர் மனைவி என் கையைத் தட்டிவிட்டு, தானே அவிழ்த்தாள். மணிக்கட்டுகள் கன்றியிருந்தன.

மறுநாள் அவர் தெளிந்தார். என்னை அறைந்தது அவருக்கு நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அடித்தது நோயின் வேகத்தில். நான் கட்டியதற்கு என் கோபத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.