வாசலில் ஆறு மீன்கள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவரைக் 'காத்துக்காரர்' என்றால்தான் தெரியும். சாக்கடைத் தண்ணீர் நிறைந்த பெரிய தொட்டிகளின் அடியில் காற்றை ஊதிவிடும் இரண்டு புளோயர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காற்று இருந்தால் தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். இல்லாவிட்டால் அழுக்கு அப்படியே கால்வாய்க்குப் போகும். இரண்டாவது புளோயர் படுத்து ஐந்து மாதம் ஆகிறது. பத்து மனு எழுதிவிட்டார். பத்தும் மேலதிகாரியின் மேஜைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, அங்கேயே குடித்தனம் நடத்துகின்றன.

கால்வாய் ஓரத்தில்தான் அவருடைய அக்கா வீடு. கிணறு கால்வாயிலிருந்து பத்தடி.

"டேய், உன் தண்ணி வந்திருக்கு," என்று காலையில் பல் விளக்கும் முன்பே போன் செய்வாள்.

"என் தண்ணி இல்லக்கா. ஊரோட தண்ணி."

"ஊரா அங்க சம்பளம் வாங்குது? நீதானே வாங்கற. மூஞ்சி கழுவினா அழுகின முட்ட நாத்தம் அடிக்குது."

நிலையத்தின் வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. மேலே பலகை: 'நாங்கள் சுத்திகரித்த நீரில் மீன்கள் வாழ்கின்றன.' வாழ்ந்தன, மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு. செத்தவற்றை அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆறு தங்கமீன் வாங்கி வருவதும் காத்துக்காரர் தலையில்தான் விடிந்தது. மீன் கடைக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்: "தப்பா நினைக்காதீங்க சார். வீட்ல பூனை வளக்கறீங்களா?"

அந்த வாரம் அவர் செத்த மீன்களை அகற்றவில்லை. மனு சொல்லாததை மீனாவது சொல்லட்டும்.

மேலதிகாரி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

"என்னய்யா இது, வாசல்லயே?"

"காத்து பத்தல சார். அதைத்தான் பத்து தடவ எழுதினேன்."

"இத முன்னாடியே காட்டறதுக்கென்ன?"

காத்துக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாளே ஜீப்பில் பெட்டி வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்று மோட்டார், மீன் தொட்டிக்கு. கூடவே நாலு கேன் குடிநீர், அதுவும் மீன் தொட்டிக்கு. ஒரு வாரம் தாண்டியும் புது மீன்கள் வாலாட்டின. மேலதிகாரி வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா பொறுக்கமாட்டாமல் காலிக் குடத்தோடு நேரிலேயே வந்துவிட்டாள். தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு. எனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி வருது?"

"அது கேன் தண்ணிக்கா."

"மீனுக்குக் கேன் தண்ணி. எனக்கு மீன் செத்த தண்ணி." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மிச்சம் இருந்தா ஒரு குடம் ஊத்து. அதுங்க கோச்சுக்காதுன்னா."

ஊற்றிக் கொடுத்தார். அவள் போனதும் மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைக் காலிசெய்து, கால்வாய்க்குப் போகும் தண்ணீரையே மொண்டு வந்து நிரப்பினார். பலகைக்குக் கீழே ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: 'மீன்கள் விடுப்பில் உள்ளன. இரண்டாவது புளோயர் ஓடத் தொடங்கியதும் பணிக்குத் திரும்பும்.' அதுதான் பதினோராவது மனு.

பதில் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அட்டையைக் காணோம். புதிதாக ஊற்றிய கேன் தண்ணீரில், மோட்டார் விட்ட குமிழிகளுக்கு நடுவே, ஆறு மீன்கள் மினுமினுவென்று ஆடிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக்.

போன் அடித்தது. அக்காதான்.