ஓட்டக் கமலமும் இரண்டாவது அதிர்வும்

ஆரணியில் பாவு பிணைக்கிற கமலம் என்று விசாரித்தால் எந்தக் கமலம் என்பார்கள். ஓட்டக் கமலம் என்றால் போதும், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் செல்வி என்கிற அன்புச்செல்வி. அதற்காகவே கமலம் அவளோடு இருபது வருஷத்துக்கு மேல் பேசவில்லை.

அதற்கு முன்னால் இருவரும் ஜோடி. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்ததும் அதன் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, இடது ஓரத்திலிருந்து கமலம், வலது ஓரத்திலிருந்து செல்வி. நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வரும்போது தோளும் தோளும் இடிக்கும். அதற்குள் ஊர்க்கதை அத்தனையையும் அலசிக் காயப்போட்டிருப்பார்கள். செல்வி கொண்டுவரும் எலுமிச்சை ஊறுகாய்க்காகவே கமலம் வெறும் மோர்ச்சோறு கட்டிக்கொண்டு போவாள். அடடா, அது ஒரு காலம்! இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

ஒரு மாலை, வேலை முடியப் போகிற நேரத்தில் தரை ஆடியது. ஓடு இரண்டு சரிந்து விழுந்தது. கமலம் ஒரே தாவலில் எழுந்து, தெருவைத் தாண்டி, தேர் நிற்கிற இடம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். செல்வி உடம்பு கனத்தவள். குழியிலிருந்து அவள் தட்டுத்தடுமாறி ஏறி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் செல்வி அதை நடித்தே காட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைவிரிகோலமாய்க் கமலம் ஓடிய ஓட்டத்தை! தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கமலத்துக்குச் சுருக்கென்றது. விட்டுவிட்டு ஓடியவளும் இவள், கோபித்துக்கொண்டவளும் இவள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? அன்றிலிருந்து தனியாகவே பிணைத்தாள். பேச்சுத் துணை இல்லாமல் ஒவ்வொரு பாவும் நீண்டுகொண்டே போனது.

போன மாதம் மறுபடி ஆடியது. மற்ற நாளாயிருந்தால் விசைத்தறிச் சத்தத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தறிக்காரர் வேணுகோபால் வீட்டுக் கைத்தறியில் பிணைத்துக்கொண்டிருந்த கமலத்தின் காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். கடலுக்குள் வந்தது, லேசானதுதான், பயம் வேண்டாம், ஆனால் பின்னதிர்வு வரலாம் என்று வேணுகோபால் செல்போனைப் பார்த்துப் படித்தார்.

கமலத்துக்குக் கை ஓடவில்லை. செல்வி பக்கத்து ஊரான சேவூரில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கிடக்கிறாள், பகலில் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறாள், கைகொடுக்க ஆள் இல்லாமல் அவளால் எழுந்திருக்க முடியாது என்று காதில் விழுந்திருந்தது. மறுபடி ஆடினால்? வேணுகோபால் கூப்பிடக் கூப்பிட, பாவைப் பாதியில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்வி நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தலை பூராவும் நரைத்திருந்தது. கமலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. கட்டில் அசைந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், கமலத்தின் கால் வாசலைப் பார்த்துத்தான் திரும்பியது. ஆனாலும் செல்வியின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"நீ போடீ. நா எழுந்து வர நேரமாவும்" என்றாள் செல்வி.

"ஆவட்டும்."

இருவருமாக எழுந்து நிற்பதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. அப்படியே நின்றார்கள்.

"அன்னிக்கி நீ சொன்னது அத்தினியும் நெசம் செல்வி. அதான் உம் மூஞ்சில முழிக்க முடியல" என்றாள் கமலம்.

செல்வி அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"பூமி ஆடினதுக்கு நா பயப்படலடீ. பக்கத்துல திரும்பிப் பாத்தேன், நீ இல்ல. அதுக்குத்தான் பயந்துட்டேன். அழுதுகினு சொன்னா கேவலமா இருக்கும்னுதான் சிரிச்சிகினு சொன்னேன்."

சொல்லிவிட்டு, அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள்.